பாய்ப் பட்டறைக்கு ஒரு விளக்கு

பத்தமடையில் கைத்தொழில் விருத்திச் சபை நடத்திவந்த பாய்ப் பட்டறைக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் நேராகப் போய் நடுத்தூணில் முட்டிக்கொள்வார்கள். இரண்டாம் முறை வருகிறவர்கள் தூணுக்கு விலகி, கோரை ஊறப்போட்ட தொட்டியில் காலை விடுவார்கள். மூன்றாம் முறை பெரும்பாலும் யாரும் வந்ததில்லை. வெளியே வெயில் கொளுத்தும் நடுப்பகலிலேயே உள்ளே அப்படி. அது நெல் கிட்டங்கியாகக் கட்டப்பட்ட கட்டடம். நெல்லுக்குக் கண் கிடையாது என்பதால் சன்னல் வைக்கவில்லை.

சபைக்கு ஆதியில் சுதேசிக் கைத்தொழில் விருத்திச் சபை என்று பெயர். முந்தின கலெக்டரைச் சுட்டுக் கொன்ற வழக்கால் ஜில்லாவில் போலீஸ்காரர்கள் பெருகிப்போன பிறகு, காரியதரிசி வக்கீல் நெல்லையப்பன் தாமே ஏணியில் ஏறி, பெயர்ப் பலகையிலிருந்த 'சுதேசி'யின் மேல் மை பூசினார். மழை பெய்தால் மை கரைந்து அந்தச் சொல் எட்டிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அதை மறைப்பதே சபையின் முக்கிய அலுவலாக இருந்தது. இது 1912ஆம் வருஷத்து நிலவரம்.

பட்டறைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஞானையா. பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்து, தலைமை வாத்தியாரோடு ஒரு வாய்ச் சண்டையில் வேலையை இழந்தவர். மனைவி சாரம்மாளோடும் பிள்ளைகளோடும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, சபைத் தலைவர் பாபநாசம் பிள்ளைதான் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். கிட்டங்கியும் பிள்ளையுடையது. ஆகவே ஞானையா அந்த இருட்டில் தூணில் முட்டிக்கொள்ளும்போதுகூட முனகாமல் நன்றியோடுதான் முட்டிக்கொள்வார்.

பாய் நெய்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அவர்களில் கைத்திறத்தில் முதல் ஆள் அலிமா பீவி. இரண்டு பெண்மக்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள். கோரையை முடியளவு மெலிதாகக் கிழித்து அவள் நெய்கிற பட்டுப்பாயைச் சுருட்டினால் ஒரு மூங்கில் குழாய்க்குள் அடங்கிவிடும். மழைக்காலம் தொடங்கிப் பாவு நூலே கண்ணுக்குத் தெரியாமல் போன ஒரு நாள், பட்டறைக்கு விளக்கு கேட்டுச் சபைக்கு எழுதப்போவதாக ஞானையா சொன்னார்.

"வெளக்கு எதுக்கு வாத்தியாரே?" என்றாள் அலிமா பீவி. "அந்தத் தெக்குச் சுவத்துல ரெண்டு சன்னல் வெட்டினா போதும்லா. பகல்லதான வேல செய்யுதோம்."

"பைய பேசு தாயி. அது பிள்ளைவாள் சுவரு."

"சுவரு அவுகளுது. கண்ணு எங்களுதுலா?"

ஞானையாவுக்கு அது சரியென்றே பட்டது. ஆனாலும் மனுவில் சன்னல் என்ற வார்த்தையை அவர் எழுதவில்லை. சோறு போட்டவரின் சுவரை இடிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விளக்கு என்று மட்டும் எழுதினார்.

பாளையங்கோட்டையை அடுத்த வண்ணாரப்பேட்டையில், தன் மண்டபத்தில் சபை கூடியது. மண்டபத்தின் நடுவே கண்ணாடித் தொங்கல்களோடு ஒரு பெரிய சீமை விளக்கு மண்ணெண்ணெயில் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அதன் நேர் கீழே எழுந்து நின்று நெல்லையப்பன் பேசினார்.

"சகோதரர்களே! மண்ணெண்ணெய் அந்நிய எண்ணெய். அதை வாங்கினால் நம் மனச்சாட்சி நம்மைச் சும்மா விடாது. வாங்கமாட்டோம் என்று தீர்மானம் போட்டால் போலீஸ் சூப்பிரண்டு நம்மைச் சும்மா விடமாட்டார். மனச்சாட்சிக்கும் சூப்பிரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணெயைக் கண்டுபிடிக்கவேண்டிய பெரும்பொறுப்பு இன்று இந்தச் சபையின் தலையில் விழுந்திருக்கிறது!"

பலத்த கரகோஷம். விளக்குத் தேர்வு உபகமிட்டி ஒன்று அங்கேயே அமைக்கப்பட்டது. அதில் சேருகிறவருக்கு விளக்கேற்றவாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். அப்படி நிபந்தனை வைத்தால் ஒருவரும் மிஞ்சமாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். ஞானையா கடைசி வரிசையில் நின்றபடி, இவ்வளவு பெரிய மனிதர்கள் நம் இருட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறார்களே என்று நெகிழ்ந்துபோனார்.

உபகமிட்டி எண்ணெய்களைப் பரிசோதித்தது. பரிசோதனை மண்டபத்தில், சீமை விளக்கின் வெளிச்சத்தில் நடந்தது. ஆமணக்கெண்ணெய் நன்றாக எரிகிறதா என்று அந்த வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை. புன்னையெண்ணெய்ப் புகையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மயங்கி விழுந்தார். இலுப்பெண்ணெய் சுவாமி சந்நிதிக்கு உரியது, பாய் நெய்ய அதை எரித்தால் சபைக்குப் பாவம் வரும் என்றார் இன்னொருவர். நெய் விளக்கே உத்தமம் என்றும், ஆனால் நெய் பட்டறைவரை போய்ச் சேராது என்றும் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

அதன்பிறகு யாரோ கியாஸ் லைட்டைச் சிபாரிசு செய்தார்கள். கல்யாண ஊர்வலங்களில் அதைத் தலையில் சுமக்கும் பிச்சைக்கண்ணு என்பவனைச் சேரன்மாதேவி ஸ்டேஷனில் இறக்கி, வண்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். லைட்டைப் பற்றவைத்துத் தலையில் தூக்கி வைத்ததும் பிச்சைக்கண்ணு நடக்கத் தொடங்கிவிட்டான்.

"நில்லும் வே!" என்றார் நெல்லையப்பன்.

"நிக்க முடியாது அண்ணாச்சி. வெளக்கு தலைக்கு ஏறிட்டா காலு தன்னால நடக்கும். மேளம் இல்லாம நடக்குததே எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அவன் பட்டறையின் கீழ்க்கோடிக்கும் மேல்கோடிக்குமாக நடந்தான். யார் தலைக்கு மேல் வெளிச்சம் வருகிறதோ அந்தப் பெண் அவசர அவசரமாக ஒரு கோரையைச் சொருகினாள். மற்றவர்கள் முறை வரும்வரை காத்திருந்தார்கள். 'ஒளி எல்லாருக்கும் பாரபட்சமின்றிப் பங்கிடப்படுகிறது' என்று நெல்லையப்பன் உரக்கச் சொன்னார். அந்தச் சமயத்தில் பிச்சைக்கண்ணுவின் கால் ஒரு பாவில் மாட்டி, பல நாள் வேலை அறுந்துபோனது. அதற்கு உரியவள் அறுந்த நூலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேளம் இருந்திருந்தால் காலடி தப்பியிருக்காது என்று பிச்சைக்கண்ணு சாதித்தான். மேளக்காரர்களை நியமிப்பது பற்றி ஆலோசிக்கச் சபை இன்னொரு உபகமிட்டி போட்டது.

கடைசியில் பாபநாசம் பிள்ளையே நேரில் வந்து இருட்டைப் பார்வையிட்டார். முன்னால் ஒருவன் லாந்தர் பிடித்தான், பின்னால் ஒருவன் பிடித்தான். தூண் தெரிந்தது, தொட்டி தெரிந்தது, தறிகள் தெரிந்தன.

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே!" என்று பிள்ளை ஆச்சரியப்பட்டார். "ஏம் வே ஞானையா, உமக்குத் தெரியுதா?"

லாந்தர் ஞானையாவின் முகத்துக்கு நேரே உயர்ந்தது. பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். இந்த வெளிச்சம் உங்களோடு வந்தது, உங்களோடு போய்விடும் என்று சொல்லவேண்டும். சொல்வதற்கு அவர் வாயையும் திறந்தார்.

"தெரியுது ஐயா" என்று வந்தது.

பிள்ளை திருப்தியோடு வெளியே போனார். லாந்தர்களும் போயின. இருட்டு மறுபடியும் வந்து மூடியது. அதற்குள்ளிருந்து அலிமா பீவியின் குரல் கேட்டது.

"வாத்தியாரே, இப்பவும் தெரியுதா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் ஞானையாவை வீடுவரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

பிள்ளை பார்வையிட்டதன் பலனாகப் பட்டறைக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. சுவரில் படம் காட்டும் லாந்தர் ஒன்றை மதராஸிலிருந்து வரவழைத்து, 'ஒளியின் மகிமை' என்று ஒரு பிரசங்கம் நடத்தினார்கள். இந்த ஜில்லாவில் இவ்வளவு உயர்ந்த தரத்து இருட்டு வேறெங்கும் கிடைக்காது என்று பிரசங்கியார் சபையைப் பாராட்டினார். பிள்ளைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நாலு சுவத்துலயும் ஒரு ஓட்டைகூட விடாமக் காப்பாத்திட்டு வாறோம்" என்றார். பெண்களுக்கு அன்று அரைநாள் வேலை போயிற்று.

மார்கழித் தொடக்கத்தில் பெரிய செய்தி ஒன்று வந்தது. சபை நடத்தும் பொருட்காட்சிக்குக் கலெக்டர் துரை வருகிறார். அவருக்கு ஒரு பட்டுப்பாய் பரிசளிக்கவேண்டும். அதில் சிவப்புக் கோரையில் எழுத்து நெய்திருக்கவேண்டும். முதல் வரியில் 'துரை ஒளி', இரண்டாம் வரியில் 'வளர்க'. வாசகம் நெல்லையப்பனுடையது. ஜில்லாவின் ராஜபக்தி முழுவதையும் இரண்டு வரிக்குள் அடக்கியிருப்பதாக அவரே சொல்லிக்கொண்டார்.

நெய்கிறவர்களுக்கு எழுத்து தெரியாது. வாத்தியார் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தால், அதைப் பார்த்து அப்படியே நெய்துவிடுவார்கள். ஞானையா பட்டறைக்குள் உட்கார்ந்து எழுதினார். வெளியே மழை, உள்ளே கையும் தாளும் ஒரே கறுப்பு. அந்த நாட்களில் அவர் உள்ளுக்குள் ஒரு வார்த்தையை ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்தச் சபை ஒழியட்டும், இந்த உபகமிட்டி ஒழியட்டும், இந்த இருட்டு ஒழியட்டும். வெளியே சொல்லத் தைரியம் இல்லாதவர் மனசுக்குள் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிக்கொள்வார்.

அலிமா பீவி அந்தப் பாயைப் பொங்கல் கழியும்வரை நெய்தாள். முகத்தைப் பாவோடு ஒட்டவைத்து, விரலால் தடவித் தடவி நெய்தாள். முடிந்ததும், "ஒருக்கா வெளிய கொண்டுபோய் வெளிச்சத்துல பாத்துருவோமா வாத்தியாரே?" என்று கேட்டாள். தூறல் விழுகிறது, பாய் நனைந்துவிடும் என்றார் ஞானையா. கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, பேஷ் என்று சொல்லி, சுருட்டித் துணியில் கட்டினார்.

சீமை விளக்கின் கீழே, உறுப்பினர்கள் எல்லாரும் சூழ்ந்து நிற்க, பாய் விரிக்கப்பட்டது. பாபநாசம் பிள்ளை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணீரென்று வாசித்தார்.

"துரை ஒழி."

யாரோ ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். மண்டபத்தின் காவல்காரன் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கவே, சபையோர் கூட்டமாகப் பாயின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளை 'துரை'யின் மேலும் நெல்லையப்பன் 'ஒழி'யின் மேலும் உட்கார்ந்தார்கள். 'வளர்க' மட்டும் வெளியே தெரிந்தது. அந்த வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தைகளுக்கு ஆயுள்தண்டனைகூடக் கிடைக்கும்.

ஞானையா அந்த எழுத்தை ஒரு தரம்தான் பார்த்தார். போதுமாக இருந்தது. அது அவருடைய ழி. வாலை உள்பக்கமாகச் சுழித்து, நுனியில் ஒரு கொக்கி விட்டு, கரும்பலகையில் இத்தனை வருஷம் எழுதிவந்த அவருடைய சொந்த ழி. அலிமா பீவி அந்தக் கொக்கியைக்கூட விடாமல் நெய்திருந்தாள்.

"மாதிரி சரியாத்தான எழுதிக் குடுத்தீரு?" என்று நெல்லையப்பன் உட்கார்ந்தபடியே கேட்டார்.

சாரம்மாளும் பிள்ளைகளும் கண்முன் வந்தார்கள். ஜெயில் கதவும் வந்தது.

"சரியாத்தான் எழுதினேன் ஐயா."

பாயை அடுக்களையில் போட்டு எரித்துவிட்டு, துரைக்கு மாலையும் எலுமிச்சம்பழமும் போதும் என்று முடிவு செய்தார்கள். அப்படி ஒரு பாய் எந்தக் காலத்திலும் நெய்யப்படவில்லை என்று முதல் தீர்மானம் போட்டார்கள். அதை நெய்த அலிமா பீவியை வேலையிலிருந்து நீக்குவது என்று இரண்டாவது தீர்மானம் போட்டார்கள். நெய்யாத பாயை எப்படி நெய்தாள் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் குழம்பினார். "பாய் இல்லை. குற்றம் உண்டு. சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது" என்று நெல்லையப்பன் தெளிவுபடுத்தினார்.

அவளிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு ஞானையாவுக்கு வந்தது.

"நாளையிலருந்து வரவேண்டாம்னு சபையில சொல்லிட்டாக தாயி. எழுத்துல பிழையாம்."

"நீங்க எழுதித் தந்தது மாதிரிதான நெய்ஞ்சேன்?"

"இருட்டுல கை தவறியிருக்கும்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. அலிமா பீவி தன் விரல்களைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "இருக்கும்" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "இதனால உங்களுக்கு ஒண்ணும் கெட்ட பேரு வந்துறலையே வாத்தியாரே?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் அவர் தூங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் மற்றவர்களோடு சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார். எல்லாரும் ஒரே குரலில் நாங்கள் பாவிகள் என்று சொல்லும்போது தம்முடைய பங்கு என்னவோ மிகச் சிறியதாகிவிடுவதை அவர் முன்பெல்லாம் ஓர் ஆறுதலாக நினைத்ததுண்டு. அன்று அது மோசடியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். சாரம்மாள் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"அந்தப் பொம்பள சோத்துக்கு என்ன செய்யுதா?" என்றாள்.

"தெரியல."

"போய்ச் சொல்லிட்டு வாங்க. நம்ம கத ஆண்டவர் விட்ட வழி."

அடுத்த சபைக் கூட்டத்தில் ஞானையா எழுந்து நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ழி தம்முடையது. அலிமா பீவி நிரபராதி. இருட்டுக்குக் காரணம் சன்னல் இல்லாதது. அது தமக்கு முதல் நாளே தெரியும்.

நெல்லையப்பன் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்தப் பாயைப் பற்றிப் பேசுகிறீர்? அப்படி ஒரு பாயே கிடையாது என்று இந்தச் சபை தீர்மானித்திருக்கிறது. இல்லாத பாயில் நீர் பிழை செய்திருக்க முடியாது. செய்யாத பிழையை ஒப்புக்கொள்வது பொய். சபையில் பொய் சொல்ல அனுமதியில்லை."

"அப்பம் அந்தப் பொம்பளய ஏன் நீக்குனீக?"

"காரணம் கிடையாது. காரணம் இருந்தால் அல்லவா அதை மறுபரிசீலனை செய்யலாம்?"

பாபநாசம் பிள்ளை மனம் புண்பட்டவராகப் பேசினார். "சுவத்தப் பத்திப் பேசுதீரே வே, உம்ம வீட்டுச் சுவத்த நான் எப்பவாவது கேட்டனா? சன்னல்ங்கது வெளக்கே இல்ல. வெளக்கு உபகமிட்டி அதத் தொடமுடியாது."

இருட்டில் நீண்டநாள் இருந்ததால் ஞானையாவின் புத்தி கலங்கியிருக்கிறது என்று அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, அவரை ஓய்வுக்கு அனுப்பினார்கள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கிட்டங்கியில் பிள்ளை மறுபடியும் நெல்லைக் கொட்டினார். பட்டறையின் வெளிச்சப் பிரச்சினை இதனால் நிரந்தரமாகத் தீர்ந்ததென்று சபை தன்னைப் பாராட்டிக்கொண்டது.

ஞானையா பத்தமடைக்குப் போனார். அலிமா பீவி வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தலின் கீழ்த் தறி போட்டிருந்தாள். நெய்து முடித்த பாய்கள் சுருட்டியபடி சுவரோரம் நின்றன. கலெக்டர் பாயைக் கெடுத்தவள் என்று ஊரெல்லாம் பேச்சாகி, வியாபாரி மீரா சாகிபு அவள் பாய்களை வாங்க மறுத்துவிட்டார்.

ஞானையா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் தன் வலது கையை விரித்து, வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பம் என் கை தவறலையா?"

"இல்ல தாயி."

"இத்தன நாளும் இந்தக் கையத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். வயசாயிட்டு, இனி ஒனக்கு நெய்ய வராதுன்னு." அவள் குரல் உயரவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன வாத்தியாரே? கடைத்தெருவுல நாலு பேரு கேக்கச் சொல்லுங்க."

மீரா சாகிபு கடையில் கூட்டமிருந்தது. ஞானையா படியேறி, "அண்ணாச்சி, அந்தப் பாயில ஒழின்னு எழுதினது நான். அலிமா பீவி இல்ல" என்றார்.

மீரா சாகிபு பதறி எழுந்து கடைப் பலகையில் பாதியை இழுத்து மூடினார். "மெதுவாப் பேசும் வே! என்ன வார்த்த சொல்லுதீரு, போலீசு காதுல விழுந்தா?"

"விழட்டும். எழுதினது நான்."

இந்தத் தடவை தெருமுனைவரைக்கும் கேட்டது. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்ற அலிமா பீவிக்கும் கேட்டது. மீரா சாகிபு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "பாயக் கொண்டா, பாப்போம்" என்றார். அவள் பாயைத் தெரு வெயிலில் விரித்தாள். அவர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், எடுத்து உள்ளே வைத்தார்.

திரும்பி நடக்கும்போது அவள் சொன்னாள். "நல்லது செஞ்சீக வாத்தியாரே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் ஞானையா.

போலீஸ் வரவில்லை. இல்லாத பாய்க்கு வழக்குப் போட அவர்களுக்கும் வழியில்லை போலும். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஞானையாவுக்கு வேலை கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சந்தை நாளும் மீரா சாகிபு கடைக்கு வந்துவிடுவார். பாய் வாங்க வருகிறவர்களை நிறுத்தி, எழுதினது நான், அந்த அம்மா இல்லை என்று சொல்லுவார். வெளியூர்க்காரர்கள் மிரண்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

மீரா சாகிபு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் அவரைக் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போனார்.

"வே வாத்தியாரே, போதும் வே. அவ பாயி இப்பம் நல்லாப் போகுது. கேட்டு வாங்குதானுவ. அந்தக் கதய எல்லாரும் மறந்துட்டானுவ. நீரு சொல்லித்தான் ஞாபகமே வருது. ஒம்ம பாரத்த எறக்குததுக்கு அவ யாவாரத்தக் கெடுக்கீரே, நியாயமா?"

ஞானையா யோசித்துப் பார்த்தார். நியாயமில்லைதான்.

அடுத்த சந்தைக்கும் அவர் வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு எதிரே வெயிலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்.